உப்புப் போட்ட ஐஸ்

வசந்தாமணியின் ரத்தத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஆளைப் பார்த்தது மறுநாள். 1985 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சேலம் சூரமங்கலத்தில் ஒரு மாடியில் என் பரிசோதனைக்கூடம் இருந்தது. டாக்டர் ராசப்பன் தன் நர்சிங் ஹோமிலிருந்து அனுப்பும் ரத்தமெல்லாம் என்னிடம்தான் வரும். அன்றைய சீட்டில், "பெண், இருபத்தாறு வயது, நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணை. மூன்று வாரமாகக் காய்ச்சல், ஈறில் ரத்தக் கசிவு. பாலு, உடனே பார்" என்று எழுதியிருந்தார்.

ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். நல்ல ரத்தத்தில் வெள்ளணுக்கள் பல ரகமாக இருக்கும். ஒன்றின் நடுக்கரு மூன்று துண்டாக மடிந்திருக்கும். இன்னொன்றில் சிவப்புச் சிவப்பாய் மணிகள் நிறைந்திருக்கும். வேறொன்று சின்னதாக, உருண்டையாக இருக்கும். இந்தத் தகட்டில் அந்தப் பலவகையெல்லாம் இல்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரே மாதிரிச் செல்கள். பெரிய நடுக்கரு, அதைச் சுற்றி மெல்லிய நீல விளிம்பு, மணி எதுவும் கிடையாது. ரத்தப் புற்றுநோய் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

எந்த ரத்தப் புற்றுநோய் என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக முடியாது.

எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் இரண்டு வம்சமாகப் பிறக்கின்றன. ஒன்று லிம்ஃபாய்டு, இன்னொன்று மயலாய்டு. புற்றுநோய் என்பது இந்த வம்சங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு செல் வளராமல் சிறுபிள்ளையாகவே நின்றுகொண்டு, தன்னைப் போலவே லட்சக்கணக்கில் பெருகுவது. சிக்கல் என்னவென்றால், இரண்டு வம்சத்துச் சிறுபிள்ளைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒரு பிரசவ வார்டில் பச்சைக் குழந்தைகளை வரிசையாகப் படுக்கவைத்து, இதில் எது யார் வீட்டுப் பிள்ளை என்று தூரத்திலிருந்து கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அதுதான் என் நிலைமை. வழக்கமான சாயங்கள் மூன்றைப் போட்டுப் பார்த்தேன். எதிலும் பிடி கிடைக்கவில்லை. மருந்தோ இரண்டுக்கும் வேறு வேறு. ஒரு வகைக்குக் கேட்கும் மருந்து மற்ற வகைக்கு அரைகுறையாகத்தான் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. ராசப்பன் எந்த மருந்தைக் கையில் எடுப்பது என்பது நான் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இருந்தது.

அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க அப்போது புதிதாக ஒரு வழி வந்திருந்தது. செல்லின் வடிவத்தைப் பார்ப்பதற்குப் பதில், அதன் மேல்தோலில் என்ன குறிகள் இருக்கின்றன என்று பார்ப்பது. பச்சைக் குழந்தைகள் ஒன்றுபோல இருந்தாலும், கையில் கட்டிய அடையாளச் சீட்டு வேறு வேறாகத்தானே இருக்கும். லிம்ஃபாய்டு செல்லின் தோலில் ஒரு வகைப் புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். மயலாய்டு செல்லில் வேறொன்று. அதை வாசிக்கும் கண்ணின் பெயர் மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே ஒரு குறியில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்பொருள். என்னோடு படித்த கமலவேணி மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அதை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். முந்தைய வருஷம் ஆறு வாரம் அவளிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தேன். அந்த ஆன்டிபாடிகள் வெளிநாட்டிலிருந்து சிறு சிறு குப்பிகளில் வரும். ஒரு தரம் திறந்தால் வீணாகாமல் பல பேருடைய ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்பதால், வாரத்தில் வியாழக்கிழமை மட்டும்தான் திறப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் நர்சிங் ஹோமுக்குப் போனேன். ராசப்பன் என்னைக் கூப்பிட்டிருந்த காரணம் விசித்திரமானது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்க அந்தப் பெண் சம்மதிக்கவில்லையாம். எதற்கு என்று விவரமாகச் சொன்னால்தான் ஆயிற்று என்றாளாம்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சோளமாவு மாதிரி வெளுத்திருந்தது. கணவர் மருதாசலம் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க டாக்டருங்க," என்றார். "அவளுக்கு எல்லாத்தையும் வெவரமாச் சொல்லோணுமுங்க. இல்லீன்னா தொட உடமாட்டா. எங்க பக்கத்துக் கோழி டாக்டரையே கேள்வி கேட்டு ஊரை உட்டு ஓட்டிப்புட்டா."

"அவரு மாத்தலாகிப் போனாருங்க," என்றாள் வசந்தாமணி. "இவரு எம்மேல போடறாரு. ஏனுங்க, என்ற ரத்தத்துல என்ன பார்த்தீங்க?"

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. இரண்டு வம்சம், இரண்டு மருந்து, வெளியே தெரியாத குறிகள். அவள் நடுவில் நிறுத்தி, "அந்தக் குறிய எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?" என்றாள்.

எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பண்ணையில வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போடுறீங்கல்ல? அப்புறம் நோய் வந்தாலும் கோழி ஏன் சாகறதில்ல?"

"ரத்தத்துல எதிர்ப்பு உண்டாயிருதுங்க."

"அந்த எதிர்ப்புங்கிறது ஒரு பொருள். அந்தக் கிருமியைத் தவிர வேற எதுலயும் போய் ஒட்டாது. இப்ப, மனுஷனோட செல்லை எடுத்து ஒரு எலிக்கு ஊசி போட்டா?"

"எலி அதுக்கு எதிர்ப்பு உண்டாக்கும்."

"உண்டாக்கும். ஆனா செல்லோட தோல்ல நூறு குறி இருந்தா, நூறுக்கும் தனித்தனியா உண்டாக்கும். எல்லாம் ஒரே ரத்தத்துல கலந்து கெடக்கும். நமக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்த ஒண்ண உண்டாக்குற செல்லு எலிக்குள்ள எங்கியாச்சும் இருக்குமில்லீங்க? அத மட்டும் புடிச்சுத் தனியா வளக்கோணும்."

நான் வகுப்பெடுக்கும் மருத்துவக் கல்லூரியில் இந்த இடத்தைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரமாகும். "அதேதான்," என்றேன். "ஆனா வெளிய எடுத்து வளர்த்தா கொஞ்ச நாள்ல செத்துரும். அதனால பத்து வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்துல ஒரு வேலை பண்ணாங்க. அந்தச் செல்லைச் சாகாத ஒரு செல்லோட சேர்த்து ஒட்டி ஒண்ணாக்கினாங்க. ஒட்டின செல் சாகவும் சாகாது, அந்த ஒரே எதிர்ப்பை உண்டாக்கிக்கிட்டும் இருக்கும்."

"சாகாத செல்லு ஏதுங்க?"

"புற்றுநோய் செல்."

"எலியக் கொண்டு மனுசனுக்கு வைத்தியம்," என்றார் மருதாசலம். "பூனைக்குத் தெரிஞ்சா வருத்தப்படுமுங்க."

வசந்தாமணி சிரிக்கவில்லை. "அப்பிடீன்னா எனக்குள்ள இருக்கறதும் சாகாதுங்களா?" என்றாள்.

"மருந்துக்குச் சாகும்ங்க. எந்த மருந்துக்குன்னு தெரியணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். அவள் செல்களோடு இந்த எதிர்ப்பொருளைக் கலப்பார்கள். குறி இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒட்டும்படி இன்னொரு பொருளைப் பச்சைச் சாயம் ஏற்றி விடுவார்கள். தனி விளக்குப் போட்ட நுண்ணோக்கியில் பார்த்தால், குறி உள்ள செல் இருட்டில் பச்சை வளையமாக மினுங்கும். முதல் குப்பியில் மினுங்கினால் லிம்ஃபாய்டு. இரண்டாவதில் மினுங்கினால் மயலாய்டு. அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் பேசியிருப்பேன். வசந்தாமணி, "அப்ப நாளைக்கே எடுத்துருங்க," என்று ராசப்பனிடம் சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ராசப்பன் மஜ்ஜை எடுத்தார். உறையாமல் இருக்க மருந்து சேர்த்த சிறு கண்ணாடிக் குழாயில் அதை வாங்கி, மூடி இறுக்கி, மருதாசலத்தின் கையில் கொடுத்தேன். எட்டரைக்குக் கோவை எக்ஸ்பிரஸ். இரண்டு மணிக்கு மெட்ராஸ். மூன்று மணிக்குக் கமலவேணியின் மேசை.

"வெயில் காலம். சூடு படக்கூடாது," என்றேன். "உள்ள இருக்கிறது உயிரோட போய்ச் சேரணும்."

"அத எங்களுக்குச் சொல்லித் தரோணுமுங்களா?" என்றாள் வசந்தாமணி, ஒருக்களித்துப் படுத்தபடியே. "எத்தன வருசமா மெட்ராஸ்ல இருந்து கோழி மருந்து வாங்கியாறோம். ஒரு சீசா வீணாப் போனதில்லீங்க. நேத்தே இவர அனுப்பி எல்லாம் தயாரு பண்ணி வெச்சுட்டேன்."

கட்டிலுக்கு அருகில் ஒரு வாயகன்ற ஃபிளாஸ்க் இருந்தது. பண்ணைக்குத் தடுப்பு மருந்து கொண்டுவருகிற ஃபிளாஸ்க். என்னிடம்கூட அவ்வளவு நல்லது இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

மதியம் ராசப்பன் மருந்தை ஆரம்பித்துவிட்டார். வெள்ளணு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று, காத்திருக்க முடியாது. அந்த வயதில் எது அதிகம் வரும், செல் எப்படித் தெரிகிறது என்றெல்லாம் யோசித்து, லிம்ஃபாய்டு என்று வைத்துக்கொண்டு மூன்று மருந்து கொடுத்தார். ராத்திரிக்குள் மெட்ராஸ் முடிவு வந்துவிடும், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

ஐந்து மணிக்குக் கமலவேணி தொலைபேசியில் வந்தாள்.

"பாலு, எதுல வெச்சு அனுப்பின?"

"ஃபிளாஸ்க்ல."

"ஃபிளாஸ்க் முழுக்க ஐஸும் கல்லுப்பும். குழாய் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு. உருக்கிப் பார்த்தேன், வெறும் செந்தண்ணி. ஒரு செல்லுகூட முழுசா இல்ல. நீ சொல்லி அனுப்பலையா?"

அவள் சொன்னதும் எல்லாம் எனக்குத் தெளிவாகிவிட்டது. அதுதான் கொடுமை. தெரியாத விஷயமாக இருந்திருந்தால் பரவாயில்லை.

வெறும் ஐஸ் என்றால் அந்த ரத்தம் கெட்டிருக்காது. ஐஸ் உருகும் வரை பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும். ரத்தத்தில் உப்பும் புரதமும் கலந்திருப்பதால் அந்தக் குளிரில் அது உறையாது. ஐஸோடு கல்லுப்பைச் சேர்த்தால் கதை வேறு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரிவரை இறங்கிவிடும். குல்பி ஐஸ் விற்கிறவர்கள் செய்வது இதைத்தான். கோழிக்குப் போடும் அந்தத் தடுப்பு மருந்து ஈரமே இல்லாமல் உலர்த்திய தூள். எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, குளிரக் குளிர நல்லது. ஆகவே வெயிலில் பத்து மணி நேரம் வரும் மருந்துக்கு வசந்தாமணி கண்ட வழி முழுக்கச் சரி. கால்நடைக்காரர்கள் பலருக்கு அந்த யோசனையே வராது. உயிருள்ள செல்லோ ஒரு தண்ணீர்ப் பை. உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும்போது ஊசி ஊசியாகப் படிகம் கட்டி, பையைக் குத்திக் கிழித்துவிடும். தோலே கிழிந்த பிறகு தோலில் என்ன குறியை வாசிப்பது?

எலியில் ஆரம்பித்து இங்கிலாந்துவரை சொன்ன எனக்கு, "ஐஸ் வைக்காதீங்க, உடம்புச் சூடு செல்லுக்கு ஒண்ணும் செய்யாது, சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

வெள்ளிக்கிழமை காலை நர்சிங் ஹோமுக்குப் போனேன். மருதாசலம் திரும்பி வந்திருந்தார். கமலவேணி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"முடிவு வரலைங்க," என்றேன். "செல்லெல்லாம் போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப்போச்சு."

"சூடு பட்டிருச்சுங்களா?" என்றாள் வசந்தாமணி.

சொல்வதற்குத்தான் வந்திருந்தேன். படிக்கட்டில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்திருந்தேன். ஆனால் அவள் கேட்ட விதத்தில் எனக்கு ஒரு வாசல் திறந்தது. ஐஸ் என்று சொன்னால், 'பின்ன ஏன் சொல்லல?' என்பாள். சூடு என்றால் யார் மேலும் பழி இல்லை, மே மாத வெயில் மேல் போட்டுவிடலாம்.

"ஆமாங்க," என்றேன். "கொஞ்சம் சூடு பட்டிருச்சு."

அடுத்த வியாழக்கிழமை நானே குழாயைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துப்போவதாக இருந்தேன். ஆனால் ஒரு வாரத்தில் மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. ரத்தத்தில் கெட்ட செல் ஒன்றுகூடத் தென்படவில்லை. மஜ்ஜையும் வறண்டுபோய் ஊசியில் எதுவும் வரவில்லை. பரிசோதிக்கச் செல் இல்லை. ராசப்பன் என் தோளைத் தட்டினார். "லிம்ஃபாய்டுதான்யா. கேட்டிருச்சு பார்."

எனக்கும் நம்பத்தான் ஆசையாக இருந்தது. அந்த மூன்று மருந்தில் ஒன்று இரண்டு வகைக்கும் பொது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அது மயலாய்டு செல்லையும் கொஞ்ச காலம் அடித்துப் படுக்கவைக்கும். அடியோடு போக்க அதனோடு வேறொரு மருந்து சேர வேண்டும். அந்த வேறொன்றை நாங்கள் கொடுக்கவில்லை.

ஜூனில் வசந்தாமணி ஊருக்குப் போனாள். ஜூலையில் இரண்டு முறை ரத்தம் பார்க்க வந்தாள். தலைமுடி கொட்டிவிட்டிருந்தது, துண்டைக் கட்டியிருந்தாள், ஆனால் முகத்தில் ரத்தம் ஓடிற்று. நுண்ணோக்கியில் தானும் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்துவிட்டு, "மறுக்கா வந்துருச்சுன்னா அந்த மினுங்கற சோதன பண்ணோணுமுங்களா?" என்று கேட்டாள். "ஆமா, உடனே" என்றேன். எப்படிக் கொண்டுபோவது என்று சொல்ல அது நல்ல சமயம். ஆனால் அதைச் சொன்னால் மே மாதத்துப் பொய்யையும் அவிழ்க்க வேண்டும். எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். இரண்டு முறையும்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கமலவேணி கூப்பிட்டாள். குரல் கோபமாக இருந்தது.

"பாலு, உன் நாமக்கல் பேஷண்ட் வீட்டுக்காரர் வந்திருக்காரு. நேத்து சாயங்காலம் ரத்தம் எடுத்து, முட்டை லாரியில ஏறி நேரா வந்துட்டாரு. மறுபடியும் ஐஸ். மறுபடியும் உப்பு. போன தடவையைவிட ரெண்டு மடங்கு! நீ அவங்களுக்குச் சொல்லவே இல்லையா?"

நடந்தது இதுதான். புதன்கிழமை மறுபடி காய்ச்சல். நாமக்கல் டாக்டர் ரத்தத்தில் பழைய செல்களைப் பார்த்துவிட்டார். சேலம் வந்து போனால் வியாழக்கிழமை தவறிவிடும், இன்னும் ஒரு வாரம் போய்விடும் என்று கணக்குப் போட்டவள் வசந்தாமணிதான். அங்கேயே ரத்தம் எடுக்கச் சொல்லி, தானே பக்கத்தில் உட்கார்ந்து கணவரைக் கொண்டு ஃபிளாஸ்க்கில் அடைக்க வைத்திருக்கிறாள். போன முறை சூடு பட்டுத்தானே கெட்டது? அதனால் இந்த முறை உப்பு இரண்டு மடங்கு.

அந்த இரண்டாவது மடங்கு என் ஒரு வார்த்தை.

கமலவேணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "திறந்த குப்பி இன்னையோட தீருது. புதுக் குப்பி சனிக்கிழமை வருது. திங்கட்கிழமை உனக்காகத் திறக்கறேன். ரத்தத்தை நீயே கொண்டுவா. அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல, அது உன் வேலை," என்றாள்.

வெள்ளிக்கிழமை வசந்தாமணியை ராசப்பனிடம் சேர்த்தார்கள். மருதாசலம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது நான் அவள் அறைக்குள் போனேன். உட்காரவில்லை.

"அன்னைக்கு சூடு பட்டுக் கெடலைங்க," என்றேன். "உறைஞ்சு கெட்டுது. ஐஸும் உப்பும் சேர்ந்ததாலே. நான் உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. அப்புறம் கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"மருந்துக்கு ஒண்ணும் ஆகறதில்லீங்களே. இதுக்கு மட்டும் ஏன்?"

சொன்னேன். தூளில் தண்ணீர் இல்லை, செல்லில் தண்ணீர் இருக்கிறது, உறைந்தால் ஊசியாகும் என்று. தலையசைத்துக்கொண்டே கேட்டாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு அது புரிந்தது, புரிந்ததில் ஒரு திருப்திகூட அவள் முகத்தில் வந்து போயிற்று. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணர மணி நேரம் எலிக்கத சொன்னீங்க," என்றாள். "நானும் வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டேன். நாம ரெண்டு பேருமே ஒரே ரகமுங்க."

"நான் அவர்கிட்டயும் சொல்லிடறேன்," என்றேன்.

"வேண்டாமுங்க." அவள் குரல் கடுமையாயிற்று. "ஐஸ ஒடச்சு உப்புப் போட்டது அவரு கையி. நாஞ் சொல்லித்தான் போட்டாரு. ரெண்டு தரமும். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த மனுசன் தனியா உக்காந்து அதையே நெனச்சுக்கிட்டு இருப்பாரு. சூடுன்னே இருக்கட்டும். சூட்டுக்கு யாரு என்ன பண்ண முடியும்? சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை குழாயைப் பஞ்சில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். வழியெல்லாம் அது என் உடம்புச் சூட்டிலேயே வந்தது. கமலவேணி இருட்டறையில் விளக்கை ஏற்றி, முதல் தகட்டை வைத்து நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஒன்றுமில்லை, வெறும் கருப்பு. இரண்டாவது தகட்டை வைத்தாள்.

எத்தனையோ பச்சை வளையங்கள். ஒவ்வொரு செல்லின் விளிம்பும் தெளிவாக, ஒரு கீறல் இல்லாமல் மினுங்கியது. அந்தச் சோதனை அதைவிட அழகாக வந்து நான் பார்த்ததில்லை.

மயலாய்டு. மே மாதமும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சாயங்காலமே ராசப்பனுக்குச் சொல்லி, செவ்வாய்க்கிழமை சரியான மருந்தை ஆரம்பித்தார்கள். அந்த மருந்து கெட்ட செல்லோடு நல்ல செல்லையும் சேர்த்து அடிக்கும். பிறகு மஜ்ஜை மறுபடி முளைக்கும்வரை மூன்று வாரம் உடம்பு தாக்குப்பிடிக்க வேண்டும். மே மாதத்து உடம்பு தாக்குப்பிடித்திருக்கலாம். ஏற்கெனவே ஒரு சுற்று மருந்தில் இளைத்துவிட்ட இந்த உடம்புக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது. பதினோராம் நாள் வசந்தாமணி இறந்துபோனாள்.

முதலிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா? அந்தக் காலத்தில் சரியான மருந்து சரியான நேரத்தில் கொடுத்தாலும் நாலைந்து பேரில் ஒருவர்தான் பல வருஷம் இருந்தார். அந்த ஒருவராக அவள் இருந்திருப்பாளா என்று சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது. ராசப்பன் இதைச் சொல்லி எனக்குச் சமாதானம் சொல்வார். எனக்கு அது சமாதானமாக ஒருநாளும் படவில்லை. அவளுக்கு இருந்தது அந்த ஒரு பங்குதான்.

காரியமெல்லாம் முடிந்து, செப்டம்பர் கடைசியில் மருதாசலம் என் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். டீ வேண்டாம் என்றார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்க."

"மொதத் தரம் நாங் கொண்டுக்கிட்டுப் போனேனில்லீங்க, ரயில்ல. எனக்கு ஜன்னலோரமா எடங் கெடச்சுது. ஃபிளாஸ்க்க மடியில வெச்சிருந்தேன். ஜோலார்பேட்ட தாண்டுனப்பறம் வெயிலு மடிமேலயே அடிச்சுதுங்க. எதுத்தாப்ல ஒருத்தரு, அண்ணா இந்தப் பக்கமா வாங்க, நெழலா இருக்குதுன்னாரு. காத்து நல்லா வருதேன்னு நாந்தான் மாறல." நிறுத்தினார். "அதனாலதானுங்களா சூடு பட்டுது?"

நான்கு மாதமாக அவர் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எதை அவர் நினைக்கக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாளோ, அதைவிட மோசமான ஒன்றை, நடக்கவே நடக்காத ஒன்றை.

"இல்லீங்க," என்றேன். "சத்தியமா இல்ல. ஜன்னலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. எப்படிக் கொண்டுபோகணும்னு நான் உங்களுக்குச் சரியாச் சொல்லித்தரல. தப்பு என் மேல."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க சொன்னீங்களே. சூடு படக்கூடாது, உயிரோட போய்ச் சேரோணும்னு. நாங் காதால கேட்டேனுங்களே."

இதற்கு மேல் விளக்க வேண்டுமென்றால் உப்பைச் சொல்ல வேண்டும். உப்பைச் சொன்னால் அது யார் கை என்பதும் வந்துவிடும். ஏதாவது ஒன்றை எப்படியாவது புரியவைத்துவிடலாம் என்று நம்பியே பிழைப்பை நடத்தியவன் நான். மேசைமேல் கிடந்த தகடுகளை அடுக்கத் தொடங்கினேன்.

"உங்க மனசு அப்பிடீங்க," என்றார் மருதாசலம். "பழிய உங்க மேல இழுத்துப் போட்டுக்கறீங்க. அவளும் அப்பிடித்தான். ஒரு நாளும் ஒரு வார்த்த கேக்கல என்னைய."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாரேனுங்க."

மாடியிலிருந்து கீழே பதினெட்டுப் படிகள். அவர் மெதுவாகத்தான் இறங்கினார். நான் கூப்பிடவில்லை.